பத்திரிகையில் இல்லாத தாய்மாமன்

அச்சகத்துக்காரர் ப்ரூஃப் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். "நிதானமா படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா. அப்புறம் பேரு விட்டுப்போச்சு, இனிஷியல் மாறிப்போச்சுன்னு வந்து நிக்கக் கூடாது" என்றார்.

படித்தேன். பிள்ளையார் சுழி சரி. குலதெய்வம் பெயர் சரி. என் மகள் யாழினியின் பெயர் சரி. அடுத்த வரியில், 'தாய்மாமன் திரு. பாலமுருகன் அவர்கள் மடியில் அமர்த்தி முடியிறக்கி, காதணி அணிவிக்க' என்று இருந்தது.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான். அவன் பெயர் ஆறுமுகம். பாலமுருகன் என் சித்தப்பா மகன்.

"இந்தப் பேரை யாரு குடுத்தது?"

"ஒங்க சித்தப்பாதாங்க. நேத்து வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாரு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அச்சகத்தில் நின்றபடியே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"கோவப்படாத ஆத்தா" என்றார் எடுத்த எடுப்பிலேயே. கோபப்படுவேன் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார். "பாலுவும் மாமன் மொறைதான? ஆறுமுகம் சபையில உக்காந்து ஏதாச்சும் பண்ணிட்டான்னா ஒம் மாமியா வீட்டுக்கு முன்னாடி நமக்குத்தான அசிங்கம்? ஊரு சிரிக்கும்த்தா."

"ஊருக்கு வேற வேலை இல்லைன்னா சிரிச்சுட்டுப் போகட்டும் சித்தப்பா. எம் புள்ளைக்கு மாமன் உசுரோட இருக்கான். அவன் மடியிலதான் உக்காருவா."

"சொன்னாக் கேளு. அவனுக்கு என்னத்தா தெரியும்? பத்திரிகையில பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அவனுக்கு ஒண்ணும் வெளங்கப் போறதில்ல."

போனை வைத்துவிட்டேன். அச்சகத்துக்காரரிடம் பேனா வாங்கி, பாலமுருகனை அடித்தேன். தாள் கிழிந்துவிட்டது. மேலே பெரிதாக எழுதினேன்: சி. ஆறுமுகம்.

இதே அச்சகத்துக்கு, இதே மேசைக்கு, நான் முன்பும் ஒரு தடவை வந்திருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

எத்தனை நாளில் சரியாகும்?

ஆறுமுகம் எனக்கு நாலு வயது இளையவன். ஆறு வயதுவரை பேச்சு வரவில்லை. வந்த பிறகும் அளந்துதான் பேசினான், இன்றைக்கும் அப்படித்தான். தேவையில்லாமல் ஒரு சொல் வராது. பொய் வரவே வராது. அந்த ஒரு காரணத்துக்காகவே எங்கள் சொந்தபந்தங்களுக்கு அவனைப் பிடிக்காமல் போயிருக்கலாம்.

பள்ளிக்கூடத்தில் மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவான். அவனை வீட்டுக்கு அனுப்பினார்களே தவிர, மணியை ஒரு நாளும் மெதுவாக அடித்துப் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

பிறகு ஆளாளுக்கு ஒரு வைத்தியம். தாயத்து கட்டு என்றார் ஒருவர். வசம்பை நாக்கில் தேய் என்றார் இன்னொருவர். தூரத்துச் சொந்தம் ஒருவர், கத்தும்போது ஒரு சூடு போட்டால் சரியாகிவிடும் என்று வீடு தேடி வந்து சொன்னார். அம்மா அடுப்பில் இருந்த கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, "சூடு போடணும்னா மொதல்ல ஒங்க வாயில போடுறேன், வாங்க" என்றாள். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்கள் தெருவில் நடக்கவில்லை.

அவனுக்கு இருபது தாண்டிய பிறகுதான் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "எத்தனை நாள்ல சரியாகும்மா?" என்று கேட்டார்.

"இது காய்ச்சல் இல்லைங்க, வந்து போறதுக்கு. அவரு இப்படித்தான். சுத்தி இருக்கறவங்கதான் கொஞ்சம் மாறிக்கணும்."

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். கந்தர்வகோட்டையில் வண்டி நின்றபோது அப்பா இறங்கிப் போய் வறுத்த கடலை வாங்கி வந்தார். தொலியை ஊதி ஊதி ஒவ்வொன்றாகத் தம்பி கையில் வைத்துக்கொண்டே வந்தார், புதுக்கோட்டை வரும்வரைக்கும். அப்பா மாறிவிட்டார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் மூன்று வருடம்தான் இருந்தார்.

மற்றவர்கள் மாறவில்லை. 'லூசு' என்றவர்கள் 'ஏதோ ஆட்டிசமாம்' என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான். விசேஷத்துக்குப் பத்திரிகை வைக்க அரிமளத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்கு வருவார்கள். வைத்துவிட்டு வாசற்படி இறங்கும்போது, "அவனை யாருகிட்டயாச்சும் விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க மதினி" என்பார்கள். யாரிடம் விடுவது? அவன் என்ன குடையா, ஓரத்தில் சாத்தி வைத்துவிட்டுப் போக? அம்மா கடைசியாக எந்தக் கல்யாணத்தில் முழுப் பந்தி உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

லேபிள் இல்லாத சட்டை

நான் தையல்காரி ஆனது இவனால்தான். கழுத்தில் லேபிள் உள்ள சட்டை போட்டால் கழற்றி எறிவான். லேபிளைப் பிரித்தெடுத்தால், தையல் முண்டு குத்துகிறது என்று அழுவான். எல்லாரும் அடம் என்றார்கள். அம்மாவின் பழைய நூல் சேலையைக் கிழித்து, உள்தையல் உடம்பில் படாமல் மடித்துத் தைத்து ஒரு சட்டை போட்டுவிட்டேன். அன்று முழுக்க அவன் அழவில்லை. அப்போது எனக்குப் பதினான்கு வயது.

இப்போது கீரமங்கலத்தில் கடை போட்டிருக்கிறேன். பிளவுஸ் அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டே கேட்பார்கள்: "ஏங்க, ஒங்க தம்பிக்கு இன்னும் சரியாகலியா?" இஞ்ச் டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பேன். வேறென்ன செய்வது, வாடிக்கையாளர் ஆயிற்றே!

சிவப்பு நாடா, நீல நாடா

ஆறுமுகத்துக்குப் பத்திரிகைகள் என்றால் உயிர். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதி என்று வீட்டுக்கு வரும் ஒன்றையும் விட மாட்டான். மஞ்சள் தடவிய மூலையை முகர்ந்து பார்ப்பான். பிறகு ஒரு எழுத்து விடாமல் படிப்பான். யார் மகன், யார் பேத்தி, யார் ஊர், எல்லாம் மனப்பாடம். சொந்தத்தில் யாருக்காவது பெயர் மறந்துவிட்டால் அம்மா அவனைத்தான் கேட்பாள்.

படித்ததும் கட்டோடு சேர்ப்பான். இரண்டு கட்டு. இரண்டையும் கட்ட என் கடையிலிருந்துதான் பாவாடை நாடா போகும். சிவப்பு நாடா போட்டது சின்னக் கட்டு, நீல நாடா போட்டது பெரிய கட்டு.

"இது என்னடா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சிவப்பு நம்ம வீடு. நீலம் மத்த வீடு."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கட்டை அடுத்தவர் தொட்டால் அவனுக்குப் பிடிக்காது. நானும் பிரித்துப் பார்த்ததில்லை. இவனுக்குப் பத்திரிகையில் ஒன்றும் விளங்காது என்று என் சித்தப்பா சொன்னார் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் வயிறெரிகிறது.

அன்னவாசலில் மூன்று நாள்

இதை எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

என் கல்யாணத்துக்கு ஆறுமுகம் வரவில்லை. வரவில்லை என்ன வரவில்லை, வரவிடவில்லை. மேளச் சத்தம் தாங்க மாட்டான், மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது நினைப்பார்கள், நல்ல காரியம் நின்றுவிட்டால் அப்பா இல்லாத பிள்ளைக்கு யார் வரன் பார்ப்பது என்று சித்தப்பா அடுக்கினார். அன்னவாசலில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டில் மூன்று நாள் அவனை விட்டுவைத்தார்கள். அம்மா அழுதாள். நான் மருதாணிக் கையோடு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் முடிந்து மறுவீடு போனபோதுதான் என் வீட்டுக்காரர் அவனைச் சரியாகப் பார்த்தார். "இவரை எதுக்கு ஒளிச்சு வச்சீங்க? நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதனால்தான் இந்தக் காதுகுத்தில் ஒரே பிடியாக நின்றேன். ஒரு தடவை அவனை மறைத்தாயிற்று. இரண்டாம் தடவையும் மறைத்தால், என் மகளுக்கு அவன் மாமன் இல்லை என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி.

அரிசி மூட்டை

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. லேசாகத் தொட்டால் துள்ளிவிடுவான், அழுத்தமான கனம் என்றால் பொறுத்துக்கொள்வான். அது எனக்குத் தெரியும். அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே ஒத்திகையை ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அரிமளம் போவேன். முதலில் ஐந்து கிலோ அரிசிப் பை அவன் மடியில். பிறகு பத்து கிலோ. மூன்றாம் வாரம் யாழினி.

"மாமா மடியில அசையாம உக்காரணும், என்ன?"

"நான்தான் அரிசி மூட்டை" என்றாள் அவள். உட்கார்ந்தாள். தம்பி அவள் வயிற்றைச் சுற்றிக் கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டான். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசை எழுதிக் கொடுத்தேன். ஒன்று, வேட்டி கட்டணும். இரண்டு, பலகையில் உட்காரணும். மூன்று, யாழினி மடியில். நான்கு, மொட்டை. ஐந்து, யாழினி குளிப்பா, மறுபடி மடியில். ஆறு, வலது காது. ஏழு, இடது காது. எட்டு, எந்திரிக்கலாம். அவனுக்கு வரிசை தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பட்டு வேட்டி, பட்டுச் சட்டை வேண்டாம் என்றேன். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணியில் நானே சட்டை தைத்தேன். சீர்த்தட்டோடு மேளம் வேண்டாம். மைக் செட் மெதுவாக. வேட்டு மட்டும் கூடவே கூடாது. இதைச் சித்தப்பாவிடம் ஒரு தடவை இல்லை, ஒன்பது தடவை சொன்னேன். "சரித்தா, சரித்தா" என்றார்.

மூன்று வேட்டு

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புக்குள் என் வீட்டுக்காரரின் குலதெய்வம் கோயில். ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் முடிக்க வேண்டும். ஒன்பதரைக்கெல்லாம் ஆறுமுகம் வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றான். கையில் காலண்டர் தாள். பலகைக்கு வந்தான். உட்கார்ந்தான். நான் யாழினியைத் தூக்கிக்கொண்டு குனிந்தேன்.

அப்போதுதான் தோப்புக்குள் அதிர்வேட்டு வெடித்தது. தென்னை மட்டையிலிருந்து காக்கைகள் எல்லாம் எழும்பின. ஒன்று இல்லை, அடுத்தடுத்து மூன்று. கூடவே மைக் செட்டில் பாட்டும் அலறியது.

தம்பி காதைப் பொத்திக்கொண்டு எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு கண்மாய்க் கரைப் பக்கம் நடந்துவிட்டான்.

"யாரு வேட்டுப் போட்டது?" என்று கத்தினேன்.

"பசங்கதான்த்தா" என்றார் சித்தப்பா. "வேட்டு இல்லாம என்னத்தா விசேஷம்? மாமன் மரியாதைக்குத்தான் போடச் சொன்னேன்." மாமனை விரட்டிவிட்டு மாமனுக்கு மரியாதை! அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை நம்புகிறேன். அதுதான் இன்னும் எரிச்சல். இவர்கள் யாரும் எதையும் வேண்டுமென்று செய்வதே இல்லை.

பாலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பலகையில் வந்து உட்கார்ந்துவிட்டான். "புள்ளையக் குடுக்கா. நேரம் போவுதுல்ல?"

"எந்திரிடா."

"அக்கா, சபையில..."

"எந்திரிடான்னா! அது ஒன் பலகை இல்ல." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். "எம் புள்ளையோட மாமன் எந்திரிச்சுப் போயிருக்கான். வருவான். அவன் வர்ற வரைக்கும் இவ காதுல எவனும் ஊசி வைக்கக் கூடாது."

"ராகு காலம் வந்துருமேத்தா" என்றார் சித்தப்பா.

"வரட்டும். கூப்பிடாத வேட்டே வந்துச்சு, ராகு காலம் வந்தா என்ன?"

எல்லாரும் என் மாமியாரைப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் யார் பெயரைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ, அந்த மாமியார். அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். "பந்தியப் போடுங்கப்பா. புள்ளகுட்டிக பசியோட நிக்குது. காது எங்கிட்டும் ஓடிறாது" என்றார். என் வீட்டுக்காரர் பேசாமல் போய் செட்டின் வயரைப் பிடுங்கினார். காது குத்த வந்த ஆசாரியோ, "எனக்குச் சாயங்காலம் வரைக்கும் வேற வேலை இல்லம்மா" என்று இலையில் உட்கார்ந்துவிட்டார்.

தேடிப் போகலாமா என்று இரண்டு மூன்று பேர் கிளம்பினார்கள். தடுத்தேன். பின்னால் போனால் அவன் இன்னும் தூரம் போவான். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா மட்டும் கரை தெரிகிற இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

இட்லி, கேசரி எல்லாம் முடிந்து, இலை எடுத்து, பத்தரையும் தாண்டிவிட்டது. யாழினி என் தோளில் தூங்கி விழுந்தாள். 'வர மாட்டானோ' என்று எனக்குள்ளும் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் சித்தப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

பதினொன்று இருக்கும். கரைமேல் வெள்ளைச் சட்டை தெரிந்தது. போன அதே வேகத்தில் நடந்து வந்தான். பலகை முன்னால் நின்று தாளைப் பார்த்தான். "ரெண்டு" என்றான். உட்கார்ந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "மூணு" என்றான்.

பிள்ளையை மடியில் வைத்தேன். மொட்டை முடிந்தது. குளிப்பாட்டிச் சந்தனம் தடவி மறுபடி வைத்தேன். வலது காதில் ஆசாரி குத்தியதும் யாழினி போட்ட அலறல் இருக்கிறதே, அந்த மூன்று வேட்டும் அதற்கு நிற்காது! அதுவும் தம்பியின் காதுக்குப் பக்கத்தில். அவன் முகம் சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடினான். உடம்பு நடுங்கியது எனக்குத் தெரிந்தது. கோத்த கையை மட்டும் எடுக்கவில்லை.

"இன்னும் ஒரு காது" என்றான் அவளிடம். "இன்னும் ஒரு காது."

இடது காதும் ஆயிற்று. "எட்டு" என்று சொல்லிவிட்டு எழுந்தான். பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, யாருக்கும் நிற்காமல் போய் என் வீட்டுக்காரரின் வண்டியில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

சித்தப்பா மீசையைத் தடவிக்கொண்டு, "பரவாயில்லையேத்தா, சமாளிச்சுட்டானே" என்றார். "நம்மளத்தான சித்தப்பா அவன் சமாளிச்சான்" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை.

பேனா

அடுத்த வாரம் அரிமளம் போனேன். தம்பி கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதுகுத்துப் பத்திரிகையை எடுத்துத் தன் பெயர் உள்ள வரியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தான். சிவப்பு நாடாவில் வைத்தான். என் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம்ம வீடு!

சிவப்பு நாடாக் கட்டுக்குள் மொத்தமே நாலைந்துதான் இருந்தன. அப்பாவின் கருமாதிப் பத்திரிகை. வீடு குடிபோன பத்திரிகை. என் கல்யாணப் பத்திரிகை அதில் இல்லை.

"டேய், அக்கா கல்யாணப் பத்திரிகை எங்கடா?"

நீல நாடாக் கட்டுக்குள் விரலை விட்டான். தேடக்கூட இல்லை, இடம் தெரிந்திருந்தது. எடுத்து நீட்டினான்.

"இது நம்ம வீட்டுக் கல்யாணம்தானடா? இதை ஏன் மத்த வீட்டுல வச்சுருக்க?"

"என் பேரு இல்ல."

வாங்கிப் பார்த்தேன். அழைக்கும் உற்றார் உறவினர் வரிசையில் சித்தப்பா இருந்தார், பாலு இருந்தான், அன்னவாசல் அத்தை குடும்பம் இருந்தது. அவன் இல்லை. எத்தனை வருடமாக இதை அவன் படித்துக்கொண்டிருக்கிறான்! ஒரு நாளும் கேட்டதில்லை.

பையிலிருந்து பேனா எடுத்தேன். பாலுவின் பெயருக்கு மேலே 'தம்பி சி. ஆறுமுகம்' என்று எழுதி நீட்டினேன்.

அவன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது பேனா" என்றான்.

"ஆமாடா. அக்காதான் எழுதுனேன்."

"அச்சு இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். பத்திரிகையை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்து, நீல நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டான்.

சித்தப்பாவை ஊர் கேட்கத் திட்டினேன். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அந்தக் கல்யாணப் பத்திரிகைக்கு, அதே அச்சகத்தில், அதே மேசையில், ஒவ்வொரு பெயராக நிதானமாகப் படித்துப் பார்த்து, அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது நான்தான்.